உப்பின் இரண்டு பாதி

அந்தக் குளிர்காலம் முழுக்க லைல் தன் அக்கா வீட்டு வாசலில் அலகைத் தூக்கவே இல்லை.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது சின்ன வேலை. சாலையோரமாகப் பனியை ஒதுக்கிக்கொண்டு வரும்போது ஒரு வீட்டுப் பாதையின் வாய் வந்தால், விசையை இழுத்து, வண்டியின் முன்னால் இருக்கும் இரும்பு அலகை ஒரு கணம் உயர்த்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் இடுப்பளவு பனி வரப்பு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மதியத்துக்குள் அது கல்லாக இறுகிவிடும். பெக்ஹம் ஊரில் லைல் எல்லார் வீட்டு வாசலிலும் அலகைத் தூக்கினான். தேவாலயத்தில் அவனோடு பேசாதவர்கள் வீட்டில்கூடத் தூக்கினான். கூடப் பிறந்த அக்கா வெர்னாவின் வீட்டில் மட்டும் தூக்கவில்லை.

வெர்னா இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த வரப்பை உடைப்பாள். அறுபது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அது லேசான வேலை இல்லை. ஜன்னலுக்கு உள்ளே அவள் கணவர் ஒரின் கால்களை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார். அவருடைய இதயம் சோர்ந்துபோயிருந்தது. கால்கள் வீங்கி, செருப்பு போட முடியாத நிலை. உப்பைக் கண்ணில்கூடக் காட்டாதே என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெர்னாவும் உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்படியும் வீக்கம் வடியவில்லை. இப்படியே போனால் அடுத்த குளிர்காலத்தை நான் உறுதி சொல்ல மாட்டேன் என்று மருத்துவர் வெர்னாவை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார்.

சண்டைக்குக் காரணம் வெர்னாவின் வீட்டுக்கு மேலே இருந்த சாலை வளைவு. முந்தைய குளிர்காலத்துக்கும் முந்தியதில் பள்ளிப் பேருந்து அந்த வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஊருக்குச் சாலைப் பொறுப்பாளன் லைல்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே விட்டதும் அவன்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வளைவில் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டினான். மற்ற இடங்களுக்கு ஒரு பங்கு என்றால் அங்கே மூன்று பங்கு. பனி உருகி, உப்புத் தண்ணீர் சரிவில் இறங்கி, வெர்னாவின் நிலத்துக்குள் போயிற்று. சாலையோரத்து மேப்பிள் மரங்கள் கோடையிலேயே இலை நுனி கருகி நின்றன. கிணற்றுத் தண்ணீரில் ஒரு லேசான கரிப்பு வந்தது.

வெர்னா அதைத் தேவாலய வாசலில் வைத்தே கேட்டாள். ஆராதனை முடிந்து எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த நேரம்.

"துப்பாக்கியால சுட்டா ஷெரிஃப் வருவாரு. நீ உப்பால கொல்ற, அதனால யாரும் வரல."

"அத்தானை நான் கொல்றேனா? அந்தப் பிள்ளைங்களைப் பள்ளத்துல இருந்து தூக்கினப்ப நீ எங்க இருந்த அக்கா? ஜன்னல்லயா?"

அவள் அப்போது போர்வைகளைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னான். கோபத்தில் இருக்கும் மனிதன், எது பொய்யோ அதைத் தேடிப் பிடித்துச் சொல்கிறான், அதுதான் அதிகம் வலிக்கும் என்பதால்.

அன்றோடு பேச்சு நின்றது. தபால் நிலையத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், சாளரத்துக்குப் பின்னால் இருக்கும் ஈனிட் பாடு திண்டாட்டம். பெக்ஹமில் ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் நடக்கும். அதில் யாரும் யாரையும் பார்த்து நேராகப் பேசக் கூடாது, எதுவானாலும் கூட்டத்தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. அடிதடி வராமல் இருக்க யாரோ நல்லவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. இந்த இரண்டு பேரும் அந்த விதியை வருடம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஈனிட்தான் கூட்டத்தலைவர்.

"ஈனிட், என் பின்னால நிக்கிற ஆள்கிட்ட சொல்லு, என் வாசல் பனியை உடைச்சு என் தோள் போச்சுன்னு."

"ஈனிட், முன்னால நிக்கிற அம்மாகிட்ட சொல்லு, அலகுக்குத் துரு பிடிச்சிடுச்சு, மேல ஏற மாட்டேங்குதுன்னு."

"நான் தபால் தலை விக்கிறவ," என்பாள் ஈனிட். "ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒட்டி அனுப்பிடவா, வேற ஊருக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்னா எப்போதும்போலப் பாட்டுக் குழுவில் நின்றாள். ஆனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில், பிறர் பிழையை மன்னிப்பது பற்றிய வரி வரும்போது மட்டும் உதட்டை மூடிக்கொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் நியாயம். அதில் ஒரு நேர்மை இருந்தது என்பதை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ஒரினால் மூச்சு வாங்காமல் படுக்க முடியாமல் போயிற்று. நாற்காலியிலேயே தூங்கினார். அப்போதுதான் வெர்னா முடிவு செய்தாள். சாலைப் பொறுப்பாளர் பதவி ஊர்க்கூட்டத்தில் கைதூக்கித் தேர்ந்தெடுப்பது. லைலை இறக்கிவிட்டு வளைவில் உப்புக் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தாள். சும்மா அழுதால் ஊர் கேட்காது, சான்று வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பெர்னடெட் குளூட்டியேவிடம் போனாள். அவர் இரண்டு சுத்தமான பாட்டில்களைக் கொடுத்து, வெளிக்குழாயில் ஒன்று, சமையலறையில் ஒன்று பிடித்து வா, இரண்டையும் மாநில ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார். வெர்னா கொட்டகை ஓரத்துக் குழாயில் ஒன்று பிடித்தாள். ஒரினுக்குக் காப்பி போடும் குழாயில் ஒன்று பிடித்தாள்.

தம்பியைத் தொலைத்துக்கட்ட அந்த இரண்டு பாட்டில் போதும் என்று நினைத்தாள்.

ஊர்க்கூட்டத்தன்று மன்றம் நிரம்பியிருந்தது. ஈரக் கம்பளியும் காப்பியும் கலந்த வாடை. பின்னால் நீள மேசையில் மதிய உணவுக்கு எல்லாரும் கொண்டுவந்த பானைகள், பன்றித் தொடை இறைச்சி, மேப்பிள் பாகு ஊற்றிய 'பை' பலகாரங்கள். வெர்னாவின் பீன்ஸ் பானையும் இருந்தது. உப்பில்லாத பீன்ஸ். அதைப் பார்த்த யாரோ, லைல் வண்டியை ஒருமுறை இதுமேல ஓட்டச் சொல்லுங்கப்பா என்றான். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. வெர்னா சிரித்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தலைவர் ஹாலிஸ் டிராஸ்க் சுத்தியலைத் தட்டினார். பல் மருத்துவர். வலிக்கும் இடம் எது என்று தெரிந்தவர். "இன்னிக்கு எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேசணும்," என்றார். "அழகா இல்லைன்னாலும் பரவாயில்ல."

வெர்னா எழுந்து பேசினாள். ஒரினின் கால்களைப் பற்றிச் சொன்னாள். நாற்காலியில் தூங்குவதைச் சொன்னாள். லைல் எழுந்து, பேருந்தைப் பற்றிச் சொன்னான். பேருந்தில் இருந்த பிள்ளைகளின் தாய்மார்கள் கைதட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்து, ஓய்வு காலத்துக்கு மலை மேல் புது வீடு கட்டியவர்கள் வெர்னாவுக்குக் கைதட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்களைப் பிடிக்காததால், அவர்கள் கைதட்டியதே வெர்னாவுக்குப் பாதகமாயிற்று. மன்றம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று முறைத்தது.

பிறகு ஆசிரியை வந்தார். வெர்னா சுட்டிக்காட்டிய மேசை மேல் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை வைத்தார். ஒன்றில் மலை ஊற்றுத் தண்ணீர். இன்னொன்றில் வெர்னாவின் கொட்டகைக் குழாய்த் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. பழுப்பு நிறச் சிறு புட்டியிலிருந்து, வெள்ளி கரைந்த நீர் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டார். ஊற்றுத் தண்ணீரில் ஒன்றும் நடக்கவில்லை. வெர்னாவின் தண்ணீரில் சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை இறங்கியது, பரவியது, கோப்பை முழுக்கப் பால்போல ஆயிற்று.

வெர்னா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது வெற்றி. அழகான பார்வை இல்லை அது.

"இது சாலை உப்பு வந்ததுக்கு அடையாளம்தான்," என்றார் ஆசிரியை. "ஆனா முழு உப்பும் இல்ல."

அவர் நேர்மையான பெண். அழைத்து வந்தவளுக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. உப்புக் கல்லுக்குள் இரண்டு பாதி உண்டு, சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என்று சொன்னார். ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர் மின்னூட்டம். அதனால்தான் கல்லில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் தண்ணீரின் துணுக்குகள் இடையில் புகுந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே சூழ்ந்துகொண்டு பிரித்துவிடும். கரைவது என்றால் அதுதான், காணாமல் போவதில்லை. பிரிந்த பிறகு இரண்டுக்கும் ஒரே வழி என்று இல்லை. களிமண்ணுக்குச் சோடியத்தைப் பிடிக்கும், பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சுண்ணாம்புச் சத்தை வெளியே தள்ளிவிடும். குளோரைடை யாரும் பிடித்து வைப்பதில்லை, அது தண்ணீரோடு ஓடிக் கிணற்றுக்கு வந்துவிடும். வெள்ளி நீரில் பாலானது அந்தக் குளோரைடு.

லைல் கை தூக்கினான். "தலைவரே, டீச்சர்கிட்ட கேளுங்க. அத்தான் கால் வீங்குறது இதுல எந்தப் பாதியால?"

"சோடியம்," என்றார் ஆசிரியை. "மருத்துவர் வேண்டாம்னு சொல்றது அதைத்தான்."

"கிணத்துல அது எவ்வளவு?"

ஆசிரியை ஆய்வுக்கூடம் அனுப்பிய தாளை விரித்தார். கொட்டகைக் குழாயில் சோடியம் கொஞ்சம்தான், மண் பெரும்பாலும் பிடித்து வைத்துவிட்டது, சுண்ணாம்புதான் ஏராளம் என்றார். ஆனால் சமையலறைப் பாட்டிலில் கதை தலைகீழ். சுண்ணாம்பு இல்லவே இல்லை, சோடியம் பல மடங்கு. "ஒரே கிணறு, ரெண்டு பாட்டில். எனக்கு விளங்கல. கிணத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

வெர்னாவுக்குத் தெரியும்.

நிலவறையில் தண்ணீரை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் எந்திரம் ஒன்று இருந்தது. ஆளுயரத் தொட்டியும், பக்கத்தில் உப்புப் பெட்டியும். வளைவில் உப்புக் கொட்டத் தொடங்கிய வருடம், கெட்டிலில் சுண்ணாம்பு பாறையாகப் படிந்தது, சோப்பு நுரைக்கவில்லை, குழாய் அடைத்தது. கடினத் தண்ணீர் என்று சொல்லி அந்த எந்திரத்தை வாங்கினாள். அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். விற்றவன் சொன்னான். அவள் காதில் விழுந்தது தண்ணீர் மிருதுவாகும் என்பது மட்டும். மாதாமாதம் அதில் உப்பு மூட்டையைக் கொட்டுவது அவள் கை. தண்ணீரில் சுவை மாறியதும், எந்திரத்துக்குத் தீனி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கொட்டினாள். அது கழுவி விடும் உப்பு நீர் கொல்லைப்புறக் குழியில் இறங்கி, திரும்பக் கிணற்றுக்கே போயிற்று. கொட்டகைக் குழாய் மாடுகளுக்காகப் போட்டது. எந்திரத்தைத் தொடாமல் நேராக வருவது.

ஒரின் குடித்த ஒவ்வொரு கோப்பைக் காப்பியும் சமையலறைக் குழாயில் பிடித்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள். எதிர் வரிசையில் லைல் பாதி எழுந்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த எந்திரத்தை நிலவறைப் படிகளில் முதுகில் சுமந்து இறக்கியவன் அவன்தான். அப்போது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதவியும் அவனுக்கு நிற்கும், அவளும் ஊர் முன்னால் சாம்பலாவாள். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வேற ஏதாவது கேள்வி?" என்றார் ஹாலிஸ்.

"இல்ல தலைவரே," என்று சொல்லிவிட்டு லைல் உட்கார்ந்தான்.

ஹாலிஸ் மதிய உணவுக்குச் சுத்தியலைத் தட்டினார்.

காலையில் முறைத்துக்கொண்டவர்கள் மதியம் ஒரே மேசையில் தட்டு ஏந்தி நிற்பது பெக்ஹம் வழக்கம். வெர்னாவின் பானையை யாரும் தொடவில்லை. லைல் வந்து அதிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டான். ஈனிட் பக்கத்தில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஈனிட்," என்றாள் வெர்னா. "அவன்கிட்ட கேளு, ஏன் வாயை மூடிக்கிட்டான்னு."

லைல் ஒரு வாய் மென்றான். "ஈனிட், அவங்ககிட்ட சொல்லு. பீன்ஸ் சாணி மாதிரி இருக்கு. அத்தான் பாவம்."

"அதை நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஈனிட்.

"அப்ப இதைச் சொல்லு. புருஷன் காப்பியில நீதான் உப்புப் போட்டேன்னு ஊரைக் கூட்டி வச்சுச் சொல்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல. பதவி போனா போகட்டும். மரம் வெட்டிப் பிழைச்சுக்குவேன்." தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவன் திரும்பி நின்றான். "அதுக்காக வாசல் பனியை நான் எடுப்பேன்னு நினைக்க வேண்டாம்னும் சொல்லு."

ஈனிட் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி வெர்னாவின் கையில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனாலும் அந்த ரொட்டி கையில் இல்லாவிட்டால் தான் அப்போதே கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்று வெர்னா பின்னாளில் சொன்னாள்.

கூட்டம் மறுபடி கூடியதும் ஹாலிஸ் வாக்கெடுப்புக்கு ஆயத்தமானார். கைகளை எண்ணினால் லைல் தோற்பான் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பால்போல ஆன கோப்பை இன்னும் மேசை மேலேயே இருந்தது. பிள்ளைகளின் தாய்மார்கள்கூட அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்கள்.

வெர்னா எழுந்தாள். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. வாசல் பனி நினைவில் இருந்தது, ஜன்னலில் நின்றாயா என்ற வார்த்தை நினைவில் இருந்தது. ஆனால் ஒரு பொய்யின் மேல் நின்று தம்பியைத் தள்ளிவிட்டு, அந்த வாயோடு ஞாயிற்றுக்கிழமை எப்படி ஜெபிப்பது? ஒரு வரியை விழுங்கலாம். முழு ஜெபத்தையும் விழுங்க முடியாது.

"தலைவரே, தீர்மானத்தை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

சலசலப்பு எழுந்தது. ஹாலிஸ் சுத்தியலைத் தட்டினார்.

"நடுவுல இருக்கிறது என்னன்னு டீச்சருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். என் வீட்டு நிலவறையில சாஃப்ட்னர் இருக்கு. அது சுண்ணாம்பை எடுத்துக்கிட்டு சோடியத்தைக் குடுக்குது. மாசாமாசம் அதுல உப்பைக் கொட்டினது நான். என் புருஷன் கால் வீங்கினது என் கையால." மூச்சு எடுத்துக்கொண்டாள். "ஆனா அந்தச் சுண்ணாம்பைக் கிணத்துக்குத் தள்ளினது சாலையில கொட்டின உப்பு. அது இல்லாம நான் அந்த எந்திரத்தை வாங்கியிருக்க மாட்டேன். அதையும் அவன் ஒத்துக்கணும். பாதி என்னுது. பாதி அவனுது."

மன்றம் லைலைப் பார்த்தது. அவன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"பேருந்து சாஞ்ச நாள்ல இருந்து எனக்குப் பயம், தலைவரே," என்றான் கடைசியில். "பயத்துலதான் கொட்டினேன். எவ்வளவு வேணும்னு பார்த்துக் கொட்டல. மணல் கலந்து போடலாம். வளைவுக்கு மேல பேருந்து நின்னு இறங்கணும், டிரைவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா திட்டுவாரு."

பேருந்து ஓட்டுநர் பின்வரிசையிலிருந்து, யார் சொன்னாலும் திட்டுவேன் என்றார். அதில்தான் அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அப்புறம் மணல் எந்த அளவு என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் கைகள் உயர்ந்தன, லைல் பதவியில் நீடித்தான். எல்லாரும் சமாதானமாக வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்ல முடியாது. மலைமேல் வீடு கட்டியவர்கள் வெர்னாவை ஏமாற்றுக்காரி என்றார்கள்.

கலையும் நேரத்தில் வெர்னா மறுபடி கை தூக்கினாள்.

"தலைவரே, அந்த ஆள்கிட்ட சொல்லுங்க. எந்திரத்தைக் கீழ இறக்கினவன்தான் மேல ஏத்தணும்."

ஹாலிஸ் லைலைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"எனக்குக் காது கேக்கும்," என்றான் லைல். "அக்காகிட்ட சொல்லுங்க, படியில இருக்கிற சாமானை ஒதுக்கி வைக்கச் சொல்லி. போன தடவை பக்கெட்டை மிதிச்சு விழுந்தேன்."

அன்று சாயங்காலமே அவன் வந்தான். எந்திரத்தை அக்கு அக்காகக் கழற்றிப் படியேற்றினான். வெர்னாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரினின் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் நின்று, அத்தானின் போர்வை நழுவியிருந்ததைச் சரி செய்துவிட்டுப் போனான். ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்கள் சமையலறை வாசலில் இருந்தன. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

மண்ணுக்குள் போன உப்பு ஒரே நாளில் வெளியேறாது, அதற்கு ஆண்டுகள் ஆகும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மழை வந்து வந்து கழுவ வேண்டும். கருகிய மேப்பிள்கள் பிழைக்குமா என்பது தெரியாது. ஒரினின் கால் வீக்கம் அடுத்த வாரம் கொஞ்சம் வடிந்தது, ஒரு காலில் செருப்பு நுழைந்தது. மற்ற கால் நுழையவில்லை.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு பனி கொட்டியது. மார்ச் பனி, ஈரமும் கனமுமாக. விடிந்ததும் வெர்னா கம்பியை எடுத்துக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பூட்ஸ் மாட்டினாள். வளைவிலிருந்து வண்டி இறங்கும் சத்தம் கேட்டது, இரும்பு சாலையை உரசும் அந்த நீண்ட கரகரப்பு. அவளுக்கு அது பழகிப்போன சத்தம். வீட்டுப் பாதையின் வாய் வந்த இடத்தில் உரசல் நின்றது. வண்டியின் உறுமல் மட்டும் ஒரு கணம் தனியாகக் கேட்டது. அதைத் தாண்டிப் போனதும் உரசல் மறுபடி தொடங்கியது.

"துரு போயிடுச்சு போல," என்றார் ஒரின் நாற்காலியிலிருந்து.

வெர்னா பூட்ஸைக் கழற்றிவிட்டு, கேன் தண்ணீரில் காப்பிக்கு அடுப்பு மூட்டினாள்.